இது எப்படிக் கெடும்?

எங்கள் மேல் வீட்டில் இருந்த அக்காவுக்கு எதைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான். "இது எப்படிக் கெடும்?"

பீர்க்கன்கரணை ஏரிக்குப் பக்கத்தில் இருந்த அந்த அடுக்குமாடிக்கு நாங்கள் குடிபோன அன்று அடுப்பில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். ஒரு சம்படத்தில் கேசரியோடு உள்ளே வந்தார். அடுப்பைக் குனிந்து பார்த்தார். "புதுசாம்மா? நல்லா இருக்கு. இது எப்படிக் கெடும்னு கடைக்காரர் சொன்னாரா?" என்றார். பால் பொங்குகிற நேரத்தில் கேட்கிற கேள்வியா இது? எனக்குச் சுருக்கென்றது. கேசரி நன்றாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் கார்களுக்கு ரப்பர் குழாய் செய்யும் தொழிற்சாலை ஒன்றில், தரப் பரிசோதனைப் பிரிவில் பல வருஷம் வேலை பார்த்தவர். குழாய்க்குள் அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போய் அது எங்கே வெடிக்கிறது என்று பார்ப்பதுதான் அவருடைய வேலை. "நல்லா இருக்குன்னு சொல்றதுக்கு ஆயிரம் பேர் இருக்காங்க. எங்க வெடிக்கும்னு சொல்ல ஒரு ஆள் வேணும் இல்ல?" என்பார். தொழிற்சாலையில் அது சரி. அக்கா அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார், வாசலுக்கும் கொண்டுவந்துவிட்டார்.

எங்கள் குடியிருப்புக்கு லிஃப்ட் போட்டபோது எல்லோரும் நின்று தேங்காய் உடைத்துக் கைதட்டினோம். லிஃப்ட் கம்பெனிக்காரர் சாவியை நீட்டினார். கூட்டத்துக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது. "சார், இது எப்படிக் கெடும்?" அந்த மனிதர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். இன்னொரு கையில் இருந்த கற்பூரத் தட்டைக் கீழே வைத்துவிட்டார். ஆனால் அந்த லிஃப்ட் நாங்கள் இருந்தவரை கெடவே இல்லை. அதைச் சொல்லிக் கிண்டல் செய்தால் அக்கா அசர மாட்டார். "கேட்டதாலதான் கெடல," என்பார்.

சிரித்துவிட்டுப் போகலாம் என்றுதான் நானும் இருந்தேன், அவர் மகளைப் பார்க்க அந்தப் பையன் வரும் வரைக்கும்.

மகள் சிங்கப்பூரில் வேலை பார்த்தாள். அங்கேயே உடன் வேலை பார்த்த பையனைப் பிடித்திருந்தது. விடுமுறையில் அவனை அழைத்துக்கொண்டு வந்தாள். பஜ்ஜி போட ஒத்தாசைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார் அக்கா. பையன் நல்ல மரியாதையான பையன். அக்காவின் கணவர், நாங்கள் சார் என்று கூப்பிடுபவர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அவனோடு கிரிக்கெட் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. அக்கா காபியை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"தம்பி, ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. நாளைக்கு உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல கெட்டுப் போகுதுன்னு வைங்க. எதுல கெடும்?"

பையன் அவரையே பார்த்தான். காது சிவந்துவிட்டது. மகள் "அம்மா" என்று பல்லைக் கடித்தாள். அவன் காபியைத் தொடவில்லை. எழுந்து, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல், செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டான். மகளும் பின்னாலேயே போனாள். வாசலில் நின்று, "நீ டெஸ்ட் பண்றதுக்கு அவன் ஒண்ணும் டியூப் இல்லம்மா" என்றாள். அந்த நேரத்தில் எனக்கும் அக்கா மேல் கோபம்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

அதற்குப் பிறகு மகள் அம்மாவோடு பேசவில்லை. அடுத்த வருஷம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பறந்து வந்தாள். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மாவிடம் மாத்திரையைப் பற்றி மட்டும் பேசினாள், திரும்பிப் போய்விட்டாள். சாருக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பார்வை ஒரு பக்கம் இருண்டுவிட்டது, காதும் மந்தம். "ம்", "வா", "போதும்" என்று சில சொற்கள்தான் மிச்சம். அக்கா வேலையை விட்டுவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டார். சக்கர நாற்காலி வந்த அன்றும் கேள்வி கேட்டார். ஆனால் குரலில் பழைய மிடுக்கு இல்லை.

ஐப்பசி மழை தொடங்கியிருந்த ஒரு நாள் சாயங்காலம் இறங்கி வந்து போனை என் கையில் கொடுத்தார். மகளிடமிருந்து செய்தி. அதே பையனோடு சிங்கப்பூரில் கல்யாணம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை முகூர்த்தம், நம் கணக்குக்கு ஏழரையிலிருந்து எட்டரை. கீழே நேரலைக்கான இணைப்பு. அதற்கும் கீழே, "அப்பாவுக்குக் காட்டுங்க." அவ்வளவுதான். அம்மா என்று இல்லை, வாங்க என்றும் இல்லை.

"அவரை விட்டுட்டு நான் போக முடியாது. அவரால ப்ளேன்ல ஏறவும் முடியாது," என்றார். "போன்ல காட்டினேன், பழைய வீடியோ ஒண்ணு. அவருக்குத் தெரியல. தள்ளிவிட்டுட்டாரு. பெருசா வேணும். பேச்சு தெளிவாக் கேக்கணும்." போனை வாங்கிக்கொண்டு, "கெடாததா ஒண்ணு வாங்கணும்மா" என்றார். அந்த வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை நான் அதுவரை கேட்டதில்லை. பயந்துபோயிருக்கிறார் என்று புரிந்தது.

அவர்கள் வீட்டில் இருந்தது கேபிள் மட்டும் வரும் பழைய டி.வி. மறுநாள் சாரை அடுத்த வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடம் முடிந்ததும் தாம்பரத்தில் என்னைத் தன் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு முதலில் ஒரு பெரிய கடைக்குப் போனார். கண்ணாடிக் கதவு, குளிர், இருட்டாக ஒரு அறை, நடுவில் மெத்தை சோபா. டை கட்டிய ஒருவர் எங்களை உட்காரவைத்துப் பெரிய திரையில் அருவியை விட்டார். தலைக்கு மேல் ஹெலிகாப்டர் பறந்தது. என் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைப்பானேன்.

"எப்படி மேடம்? தியேட்டரே வீட்டுக்கு வந்த மாதிரி இல்ல?"

"இது உங்க வீடியோ. என்னுது போடுங்க," என்றார் அக்கா.

அக்கா கொடுத்தது மகள் கல்லூரியில் பேசிய பேச்சு. யாரோ போனில் எடுத்து இணையத்தில் ஏற்றி வைத்திருந்தது. ஐந்து ஸ்பீக்கரும் சேர்ந்து அந்தச் சின்னக் குரலை விழுங்கிவிட்டன. இருமலும் நாற்காலி இழுபடும் சத்தமும்தான் பெரிதாகக் கேட்டன. டை கட்டியவர் சத்தத்தை ஏற்றினார். இருமல் இன்னும் பெரிதானது.

"சத்தம் வேணாங்க. பேச்சு வேணும். சரி, இது எப்படிக் கெடும்?"

"கெடவே கெடாது மேடம். நம்பி எடுத்துட்டுப் போங்க."

அக்கா எழுந்துவிட்டார். வெளியே வந்து, "கெடாதுன்னு சொல்றவன்கிட்ட வாங்கவே கூடாது," என்றார். முந்தின நாள் கெடாததுதான் வேண்டும் என்றவர் இவர். மழை வேறு பிடித்துக்கொண்டது. கல்யாணத்துக்கு இரண்டு வாரம்கூட இல்லை.

அதன் பிறகு ஏறிய கடைகளில் எல்லாம் இதே கதைதான். கடைசியாகக் குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு நடுத்தரமான கடை. விற்பனையில் இருந்தவருக்கு நாற்பது வயதிருக்கும், மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்திருந்தார். அக்கா ஒரு டி.வி.யைக் காட்டிக் கேள்வியைக் கேட்டார்.

"மொதல்ல ரிமோட்டு போவும் மேடம்," என்றார் அவர், யோசிக்காமல். "அப்பால ரெண்டு மூணு வருஷத்துல உள்ள கீற ஆப்புங்க ஸ்லோ ஆயிடும். டி.வி. நல்லாத்தான் கீது, ஆப்புதான் பயசாவும். அப்போ டி.வி. பின்னால இந்த மாதிரி ஒரு நெட்டு குச்சி சொருகினா புதுசு கணக்கா ஓடும்."

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எனக்கு நிம்மதி வந்தது. ஆனால் அது அவசரப்பட்ட நிம்மதி.

கடையின் வைஃபையை அணைக்கச் சொன்னார். தன் போனின் இணையத்தில் ஓட்டச் சொன்னார். நேரலை ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்கினார். மறுபடி செருகி, படம் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு டி.வி. அப்டேட் செய்தால்தான் திறப்பேன் என்று அடம்பிடித்தது. அதை ஒதுக்கினார். இன்னொன்றின் பிளக்கில் கை வைத்தபோது கல்லாவிலிருந்து முதலாளி எழுந்து வந்தார்.

"மேடம், நீங்க வாங்க வந்தீங்களா, கெடுக்க வந்தீங்களா?"

கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள். எனக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது.

"கெடுத்துப் பாத்துட்டு வாங்க வந்தேன்," என்றார் அக்கா. "இது போச்சுன்னா எனக்கு வேற நாள் கிடையாது சார்."

முதலாளி என்ன நினைத்தாரோ, கல்லாவுக்கே திரும்பிப் போனார். கடைசியில் அக்கா தேர்ந்தெடுத்தது ஐம்பத்தைந்து அங்குல டி.வி. ஒன்று, இணைய வயரை நேராகவே செருகலாம். அதன் ஆப் மக்கர் செய்தால் பயன்படுத்த ஒரு குச்சி. ஐந்து ஸ்பீக்கர் வேண்டாம், பேச்சை மட்டும் தூக்கிக் கொடுக்கும் பொத்தான் வைத்த நீளமான சவுண்ட்பார் ஒன்று. அதில் மகளின் பேச்சைப் போட்டபோது ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியாகக் கேட்டது. அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். விற்பனைக்காரர் அந்தப் பக்கம் பார்க்காமல் பில் போடப் போனார்.

வீட்டில் அதை மாட்டிய பிறகு தினமும் காலை ஏழரைக்கு ஒத்திகை. ஏதாவது ஒரு கோயில் நேரலையைப் போட்டு, சாரை எதிரில் உட்காரவைப்பார். பிறகு மெயின் ஸ்விட்சை அணைப்பார். எலக்ட்ரீஷியனை வரவழைத்து டி.வி.யையும் இணையப் பெட்டியையும் இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றினார். கட்டடம் முழுவதற்கும் பொதுவாக மாடிப்படிக்குக் கீழே இருந்த இணையப் பெட்டிக்கும் தன் வீட்டு இன்வெர்ட்டரிலிருந்தே ஒரு வயர் இழுத்தார். "உங்க ஆபீஸ்ல கரண்ட் போனா?" என்று இணையக் கம்பெனிக்குப் போன் போட்டார். அவர்கள் போனை வைத்துவிட்டார்கள். மறுபடி போட்டார்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "அக்கா, கல்யாணம் பாக்கப் போறீங்களா, ராக்கெட் விடப் போறீங்களா? எல்லாம் ரெக்கார்டு ஆகும். லைன் போனா அப்புறமா பாத்துக்கலாம்."

அக்கா ஒரு தட்டில் பச்சரிசியில் மஞ்சளைப் பிசறிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "அப்புறம் பாத்தா அது வீடியோம்மா. தாலி ஏறுற நேரத்துல அவர் கையால அட்சதை விழணும். அரிசிய அப்புறமாவா போடுவாங்க?" இன்னொரு பிடி அரிசியைப் போட்டுக்கொண்டே, "எத்தனை பேரு பாக்கறாங்கன்னு அங்க நம்பர் தெரியுமாம். அதுல எங்க வீடும் ஒரு நம்பரா இருக்கணும்," என்றார். நானும் உட்கார்ந்து அரிசியைப் பிசறினேன்.

சனிக்கிழமை பகல் முழுக்க மழை. ஞாயிறு விடிந்தபோது தெருவில் முழங்கால் தண்ணீர். பாதுகாப்புக்காக ஏரியாவுக்கே கரண்டை நிறுத்திவிட்டார்கள். பட்டுப்புடவையை வழித்துப் பிடித்துக்கொண்டு இருட்டில் மாடி ஏறினேன். உள்ளே போனால் டி.வி. பளிச்சென்று இருந்தது. இணையப் பெட்டியில் நீல விளக்கு ஆடாமல் எரிந்தது. ஃபேனைக்கூடப் போடாமல் இன்வெர்ட்டரை மிச்சம் பிடித்து வைத்திருந்தார். சாருக்குச் சவரம் செய்து, வேட்டி சட்டை போட்டு, இடது கையில் அட்சதையைக் கொடுத்திருந்தார். அந்த நிமிஷம் நான் மனதுக்குள் அக்காவைக் கும்பிட்டேன்.

ஏழரைக்கு மணமேடை தெரிந்தது. ஐயர் பேசுவது வார்த்தை வார்த்தையாகக் கேட்டது. கூறைப்புடவையில் மகள் வந்து உட்கார்ந்தாள். சார் "வா" என்றார். மறுபடியும் "வா" என்றார். அக்கா உட்காரவே இல்லை. டி.வி.க்குப் பக்கத்தில் நின்று ஒரு கண்ணை மகள் மேலும் ஒரு கண்ணை நீல விளக்கின் மேலும் வைத்திருந்தார்.

மாங்கல்யத் தட்டு எல்லோர் கைக்கும் போய்க்கொண்டிருந்தபோது படம் நின்றுவிட்டது.

யாரோ ஒருவர் தட்டைத் தொடக் கை நீட்டியபடியே நின்றார். நடுவில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. நான் நீல விளக்கைப் பார்த்தேன், அது எரிந்துகொண்டுதான் இருந்தது. அக்கா குச்சிக்கு மாற்றினார், அங்கேயும் வட்டம். கோயில் நேரலையைத் திறந்தார், தீபாராதனை தெள்ளத்தெளிவாக ஓடியது. திரும்பவும் கல்யாணத்துக்கு வந்தார். வட்டம்.

"நம்ம பக்கம் இல்ல," என்றார். "அங்க போச்சு."

ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டார். செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் அந்தக் கைகள் தொங்கியதை அன்றுதான் பார்த்தேன். சார் மூடிய கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அவரைப் பார்த்து "ம்?" என்றார். "இருங்க, வந்துரும்," என்றார் அக்கா. வராது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சுவர்க் கடிகாரத்தின் சத்தம் எனக்கு அப்படியே கேட்டது. இந்நேரம் தட்டு மேடைக்குத் திரும்பியிருக்கும். இந்நேரம் பையன் தாலியைக் கையில் எடுத்திருப்பான். மழையையும் சிங்கப்பூரையும் அந்தக் கேமராக்காரரையும் சேர்த்து வாய்விட்டே திட்டினேன்.

அக்காவின் போன் கூவியது. தெரியாத எண். "ஆன்ட்டி, இது ரெண்டாவது கேமரா. சீக்கிரம்," என்று ஆங்கில எழுத்தில் தமிழ். கீழே இன்னொரு இணைப்பு.

அக்கா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். தொட்டார், தவறியது. மறுபடி தொட்டு டி.வி.க்கு அனுப்பினார். திரை கறுத்து, பிறகு யாருடைய முதுகோ தெரிந்தது. முதுகு விலகியது. மேடையின் பக்கவாட்டில் ஏதோ ஸ்டாண்டில் நிறுத்திய சாதாரணப் போன், படம் கொஞ்சம் சாய்வாக இருந்தது. "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று குரல் வந்தது. நாதஸ்வரமும் தவிலும் அந்த நீளமான பெட்டியிலிருந்து கொட்டின. பையன் குனிந்து முடிச்சுப் போட்டான்.

சார் கையை விரித்தார். அட்சதை டி.வி. மேலும் சவுண்ட்பார் மேலும் சிதறியது. துணி வைத்துத் துடைக்கக்கூட யாரையும் விடாத அக்கா, தன் கை அரிசியையும் அதே திரையில் வீசினார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து சாரின் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டார். சார் "போதும், போதும்" என்று தலையைத் தடவினார். நான் அழுதேன். அழாமல் என்ன செய்வது?

பத்து மணிக்கு மேல், நான் டி.வி. அடியில் அரிசியைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது மகள் கூப்பிட்டாள். சாருக்குக் கேட்கட்டும் என்று அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

"அம்மா, நடுவுல கட் ஆச்சு இல்ல?"

"ஆமா. உங்க பக்கம்தான்."

"தெரியும். கேமராக்காரரைக் கேட்டேன், இது எப்படிக் கெடும்னு. கெடவே கெடாது மேடம்னாரு. அப்பவே என் ஃப்ரெண்டுகிட்ட இன்னொரு போனை ரெடியா வைக்கச் சொல்லிட்டேன்."

அக்கா சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே உடைந்துவிட்டது. "நான் அன்னிக்கு அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுடி," என்றார்.  அந்தப் பக்கம் மகள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு போன் கை மாறியது.

"அத்தை, நான்தான் பேசறேன்," என்றான் பையன். நான் துடைப்பத்தைக் கீழே வைத்தேன். "அன்னிக்கு நீங்க கேட்டதுக்கு நான் பதில் சொல்லாமப் போயிட்டேன்."

"அதெல்லாம் விடுங்க தம்பி."

"இல்ல அத்தை. எனக்குக் கோவம் வந்தா ஒரு வார்த்தை பேசாம எழுந்து போயிடுவேன். கெட்டா அதுலதான் கெடும்."

அக்கா சாரைத் திரும்பிப் பார்த்தார். குரோம்பேட்டைக் கடையில் செய்தது போலவே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அது போதும் மாப்ளே," என்றார். "சாப்டீங்களா?"